சிறுதேரை இகழ்பவர்களுக்கு

பழைய பந்தய விமானத்தையும் காரையும் மாதிரியாகச் செய்வது சிறுபிள்ளை விளையாட்டாம். சொல்பவர்கள் யார்? தச்சன் செய்த சிறுதேரை, ஏறிச் செல்ல முடியாவிடினும், சிறுவர் இழுத்து மகிழ்வதைக் குறுந்தொகை 61ஆம் பாடலில் படித்து வியக்கும் இலக்கிய அன்பர்களே!

1927இல் வெனிஸில் ஷ்னைடர் கோப்பையை வென்ற சூப்பர்மரீன் எஸ்.5 விமானத்துக்கும், அதே ஆண்டு தரைவேகச் சாதனை படைத்த மால்கம் கேம்ப்பெல்லின் புளூபேர்ட் காருக்கும் நேப்பியர் லயன் எஞ்சின்தான். மூன்று சிலிண்டர் வரிசைகள் அவ்விமானத்தின் மூக்கை எவ்வாறு வடித்தன என்பது, 1:24 அளவில் கட்டிப் பார்ப்பவனுக்கு விரல்வழியே புரியும். இதுவும் வாசிப்பே.

என் சினம் மாதிரி செய்வோர்மீதும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க்கால ஓடுதளமான சோழவரத்தில்தான் சென்னையின் கார்ப்பந்தயம் வளர்ந்தது. அங்கே ஓட்டிய கோவை கரிவரதன், பந்தயக் கார்களை இங்கேயே உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அயல்நாட்டுப் பெட்டிகளை வாங்கி ஒட்டும் நாம், அவருடைய ஃபார்முலா மாருதியை அளந்து செய்தோமா? கலவையிலிருந்து ராணிப்பேட்டை, ஆம்பூர் வரை, தோலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவத் தெரிந்த கைகள் எத்தனை! திறமைக்கா பஞ்சம்?

பெருந்தேர் மறைந்தபின் அதன் வடிவைச் சொல்லச் சிறுதேரைத் தவிர வேறென்ன மிஞ்சும்?