மிதந்த முட்டையும் எங்கள் கிணறும்

ஒன்பதாம் வகுப்பில் எமக்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் இரண்டு கண்ணாடிக் குவளைகளுடனும் ஒரு கோழிமுட்டையுடனும் வகுப்புக்கு வந்தார். ஒரு குவளையில் கிணற்று நீர். மற்றையதில் கைப்பிடி உப்பைக் கரைத்த நீர். முட்டை முதலாவதில் அமிழ்ந்தது, இரண்டாவதில் மிதந்தது. நாங்கள் ஆரவாரித்தோம். ஆசிரியர் கரும்பலகையில் 'அடர்த்தி' என்று எழுதினார். ஓரலகுக் கனவளவின் திணிவே அடர்த்தி. எழுதிக்கொண்டோம், மனனம் செய்தோம். ஆண்டிறுதிப் பரீட்சையில் அதே முட்டை வினாவாக வந்தது. எனக்கு முழுப் புள்ளி கிடைத்தது.

அடுத்த கோடையில் எங்கள் வளவுக் கிணறு வற்றிப்போனது. இறுப்பிட்டியில் அது புதுமையன்று. புங்குடுதீவில் ஆறில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையை நம்பித்தான் மிச்ச மாதங்கள். ஆனால் ஐயாவிடம் அப்போது மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரமொன்று வந்து சேர்ந்திருந்தது. மிளகாய்க் கன்றும் நட்டாயிற்று. கிணற்றை ஆழப்படுத்தினால் நீர் பெருகும் என்று அவர் முடிவுசெய்தார். உலகில் வேறெங்கும் இருக்கும் ஒரு விவசாயி அப்படித்தானே நினைப்பான்? அலவாங்கும் சம்மட்டியும் கொண்டு நால்வர் பல நாட்கள் சுண்ணக்கல்லை உடைத்தார்கள். ஒரு மாலையில் பாறை வெடிப்பொன்றிலிருந்து நீர் பொங்கி வந்தது. ஊரே வந்து எட்டிப் பார்த்தது. ஐயாவின் முகத்தில் அன்று இருந்த மகிழ்ச்சியை நான் பின்னர் அதிகம் கண்டதில்லை.

இரண்டு மாதங்கூட ஆகவில்லை. முதலில் கண்டுபிடித்தவர் ஆச்சிதான். தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "தண்ணி சவர் பிடிச்சிட்டுது" என்றார். பிறகு மிளகாய்க் கன்றுகளின் இலைநுனிகள் கருகின. மாரி வந்ததும் சரியாகிவிடும் என்றார்கள். சற்றுத் தேறியது, பழைய ருசி திரும்பவேயில்லை. அதன்பின் குடிநீருக்காக அரைக் கட்டை தூரத்திலிருந்த கிணறொன்றுக்குச் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு போவது என் வேலையாயிற்று.

முட்டைக்கும் அந்தக் குடத்துக்கும் உள்ள உறவு எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. பல்கலைக்கழகத்தில் கலைத்துறையைப் படித்து முடித்து, பத்திரிகைக்காரனாகி, குடாநாட்டின் நீர்ப்பிரச்சினை பற்றி எழுதவேண்டி வந்தபோதுதான் அது புரிந்தது. புரிந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபந்தான் இந்தக் கட்டுரை.

விடயம் மிக எளிது. குடாநாடும் தீவகமும் கடலுயிரிகளின் ஓடுகளும் எச்சங்களும் படிந்து உருவான சுண்ணக்கல்லின் மீது அமர்ந்திருக்கின்றன. வெடிப்புகளும் துளைகளும் நிறைந்த கல் அது. கடல்நீர் பக்கவாட்டில் அதற்குள் புகுந்து நிற்கிறது. மேலிருந்து மழைநீர் இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும்போது அடர்த்தி குறைந்த மழைநீர் மேலே மிதக்கிறது. குவளையில் மிதந்த முட்டையைப் போல, எங்கள் குடிநீர் முழுவதும் கடலின் முதுகில் மிதந்துகொண்டிருக்கிறது. தீவின் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் அதை 'நன்னீர் வில்லை' என்கிறார்கள். ஒளி பற்றிய பாடத்தில் குவிவு வில்லை வரைந்தோமே, அதே வில்லைதான்.

கணக்கும் எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். கடல்நீரின் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அதிகம். ஆகவே, கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது கடல்நீரைத் தள்ளிவைத்திருக்கும். மறுபுறமாகப் பாருங்கள். மேலே ஒரு அடியை இறைத்துத் தாழ்த்தினால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி மேலெழ முனையும். தாழ்ந்த சிறு தீவொன்றில் அந்த மேலுயரமே சொற்பம். கடலின் வற்றும் பெருக்கும் இரண்டு நீரையும் இடையறாது கலக்குவதால் வில்லை கணக்கில் காண்பதைவிட இன்னும் மெலிந்தே இருக்கும். ஐயா நீரைத் தேடிக் கீழே போகவில்லை. கடலைத் தேடிப் போயிருக்கிறார். இயந்திரம் மிச்சத்தைச் செய்து முடித்தது.

இந்த விதியைக் கண்டவர்களின் கதை இன்னும் சுவையானது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் எமது தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று, வேலணைத் தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம், எங்கள் புங்குடுதீவு மிடில்பேர்க். காரைதீவுக்குக் கிடைத்த பெயர் அம்ஸ்ரடாம். ஒல்லாந்தர் போய் நெடுங்காலத்துக்குப் பின், 1880களின் இறுதியில், அசல் அம்ஸ்ரடாம் நகருக்கு அருகே கிணறு துளைப்பது பற்றி ஆராய்ந்த படோன் கைபன் என்ற ஒல்லாந்தப் பொறியியலாளர் இந்த விதியை எழுதினார். 1901 இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜேர்மானியர் வடகடல் தீவுகளின் நீர் வழங்கலை ஆராய்ந்து, அவரை அறியாமலே அதே முடிவுக்கு வந்தார். இருவர் பெயராலும் அவ்விதி இன்று வழங்குகிறது. அவர்களுக்குத் தங்கள் ஊர்க் கிணறு ஆராய்ச்சிப் பொருளாயிற்று. எமக்கோ ஊர்க் கிணறு வேறு, விஞ்ஞானப் பாடம் வேறு.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றை அறியாத யாழ்ப்பாணத்தார் இல்லை. இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்பார்கள். அடியில்லாக் கிணறு என்பார்கள். பாடசாலைச் சுற்றுலாவில் நாமும் போனோம், எட்டிப் பார்த்தோம், திரும்பினோம். அங்கே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன என்று வழிகாட்டியவர் சொன்னார். அதை ஓர் அதிசயமாகக் கேட்டோம். அது அதிசயமன்று, நாங்கள் குடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கிணற்றின் வெட்டுமுகந்தான் என்று எவரும் சொல்லவில்லை. காற்றின் காபனீரொட்சைட்டைக் கரைத்துச் சற்றே அமிலமாகும் மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைக்கிறது. பாறைக்குள் குகை உண்டாகிறது. கூரை இடிந்தால் நிலாவரை. அப்படிக் கரைந்த சுண்ணந்தான் எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளைப் படையாக ஒட்டுகிறது. சவர்க்காரத்தை நுரைக்கவிடாமல் தடுக்கிறது. வன்னீர், மென்னீர் என்று பாடத்தில் இரண்டு பக்கம் இருந்தது. கேத்திலை எவரும் வகுப்புக்குக் கொண்டுவந்ததில்லை.

நிற்க. மொழிதான் தடை என்று சிலர் சொல்வதுண்டு. விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படித்திருந்தால் விளங்கியிருக்கும் என்பது அவர்கள் கட்சி. நான் அதை ஏற்பதில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875 இலேயே தமிழில் அச்சேறிவிட்டது. எமது காலத்துப் பாடநூல்களும் அழகான சொற்களால் நிறைந்திருந்தன. ஆர்முடுகல், அமுக்கம், மூலகம், ஒளித்தொகுப்பு, பிரசாரணம். தமிழகத்தார் முடுக்கம், அழுத்தம், தனிமம், ஒளிச்சேர்க்கை, சவ்வூடு பரவல் என்பார்கள். இரண்டும் நல்ல தமிழே. சொல் எமக்குக் கிடைத்திருந்தது. சொல்லுக்குரிய பொருள் வீட்டு வளவில் கிடந்தது. இரண்டையும் இணைத்துக் காட்டும் கைதான் இருக்கவில்லை.

அதற்கு ஆசிரியர்களை மட்டும் நோவது நியாயமன்று. முட்டையைக் கொண்டுவந்த ஆசிரியரை நான் இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன். பிழை, நாம் விஞ்ஞானத்தை எதற்காகக் கற்பிக்கிறோம் என்ற நினைப்பில் இருக்கிறது. யாழ்ப்பாணச் சமூகத்துக்கு விஞ்ஞானம் ஒரு வடிகட்டி. மருத்துவரையும் பொறியியலாளரையும் பிரித்தெடுக்கும் வடிகட்டி. மேலே தங்கியவர்களைக் கொண்டாடுகிறோம். கீழே விழுந்தவர்களுக்கு அது 'ஓடாத பாடம்'. ஆனால் சாதாரண தரம் வரை அது எல்லோருக்கும் உரிய பாடம். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் மருத்துவராகப் போகிறவர் ஒருவரோ இருவரோ. சில வேளை ஒருவருமில்லை. கிணறு வெட்டப் போகிறவர்கள், கிணற்று நீரைக் குடிக்கப் போகிறவர்கள் நாற்பது பேரும். அந்த நாற்பது பேருக்காகவும் எழுதப்பட்ட விஞ்ஞானம் எங்கே?

என்னைப் போன்ற கலைத்துறைக்காரர்களும் தப்ப முடியாது. 2014, 2015 காலப்பகுதியில் சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் பெரிதாக எழுந்தது. மக்கள் போத்தல்களில் நீரைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஆய்வு செய்தவர்கள் ஒன்றுக்கொன்று மாறான முடிவுகளைச் சொன்னார்கள். ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம், எந்த ஆழத்தில் எடுத்த மாதிரி, எந்தப் பருவத்தில் எடுத்தது என்று கேட்கவேண்டிய வேளையில், எங்களிற் பலர் யார் சொன்னார் என்பதைத்தான் எழுதினோம். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019 இல் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் கேட்ட கேள்விகளைப் பத்திரிகைக்காரன் முன்பே கேட்டிருக்க வேண்டும். அதற்குத் தேவையான விஞ்ஞானம் பத்தாம் வகுப்பைத் தாண்டியதன்று.

இன்று ஊருக்குப் போகும்போது மனம் கனக்கிறது. 1990களின் தொடக்கத்து இடப்பெயர்வுக்குப் பின் பாழடைந்த வளவுகளில் சில இப்போது புது வீடுகளாக எழுகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கட்டப்படும் வீடுகள். நல்லதுதான். ஆனால் வீட்டோடு குழாய்க்கிணறும் மின்மோட்டாரும் வருகின்றன. "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டால் பெருமையாகச் சொல்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஐயா செய்த அதே பிழை, இப்போது இயந்திர வேகத்தில். வில்லை ஒன்றுதான், ஒருவர் வளவில் துளைத்தாலும் அயலவர் கிணறும் உவராகும். மதில் கட்டி அதைப் பிரிக்க முடியாது.

கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்துவிட்டதே என்பார்கள். வடமராட்சி கிழக்கில் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரவல்ல நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. வரவேற்கிறேன். உருளைக்கிழங்கைக் குடைந்து உப்பு வைத்துப் பார்த்தோமே, அந்தப் பிரசாரணத்தின் மறுதலைதான் அங்கு நடக்கிறது. மென்சவ்வினூடாக நீர் தானாகப் போக விரும்பும் திசைக்கு எதிராக, வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தைக் கொடுத்து அதைத் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு கனமீற்றருக்கும் மின்சாரம் எரிகிறது. அதே வேலையைச் சூரியனும் மழையும் சுண்ணக்கல்லும் எமக்கு இலவசமாகச் செய்து தருகின்றன. குழாய்நீர் வருகிறது என்பதற்காகக் கிணற்றைக் கைவிடுவது, கடன் கிடைக்கிறது என்பதற்காகக் காணியை எறிவது போன்றது.

முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று பெருமை பேச நான் வரவில்லை. துலாவும் பட்டையும் வைத்திருந்தவர்களால் அதற்கு மேல் இறைக்க முடியவில்லை, அவ்வளவுதான். காலையில் இறைத்தால் கிணறு ஊறுவதற்குக் காத்திருந்தார்கள். அவர்களுடைய கைவலி கிணற்றைக் காப்பாற்றியது. எமக்குக் கைவலி இல்லை. ஆகவே அறிவு வேண்டும்.

என் யோசனை பெரிதொன்றுமில்லை. தீவகப் பாடசாலை ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கட்டும். கல் கட்டிய கயிறு ஒன்று போதும், நீர்மட்டத்தை அளக்க. உப்பு நீர் மின்னைக் கடத்தும் என்பது பாடத்தில் இருக்கிறது. கைக்கடக்கமான கடத்துதிறன் மானி ஒன்றை ஊர்ச் சங்கமொன்று வாங்கிக் கொடுக்கலாம். மாதம் ஒருமுறை தரம் 9 மாணவர்கள் அளந்து எழுதட்டும். மாரியும் கோடையும் வரைபில் ஏறி இறங்குவதை அவர்கள் தம் கையாலேயே வரையட்டும். ஐந்து ஆண்டுகளில் எந்த நிபுணரிடமும் இல்லாத ஓர் ஆவணம் அந்தப் பாடசாலையில் இருக்கும். அதைவிட முக்கியம், எங்கே எவ்வளவு ஆழத்துக்குமேல் தோண்டக்கூடாது என்று சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்.

கிணறு வெட்டிய அந்த நாட்களில் நான் பாடசாலை விட்டு வந்து கிணற்றுக்கட்டில் அமர்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். விஞ்ஞானத்தில் முழுப் புள்ளி எடுத்தவன் மேலே இருந்தேன். கடல்நீர் கீழே இருந்தது. ஐயா இடையில் நின்று, இன்னும் ஒரு முழம் வெட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்திருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.