தமிழில் வந்த சேதி



இம்முறை நம்முடைய அறியாமை ஒன்றையே எழுத நேர்ந்துவிட்டது. எழுத நாணமாகத்தான் இருக்கிறது. எனினும், ஒருவர் விழுந்த பள்ளத்தை மற்றவர்க்குக் காட்டுதல் கடமையன்றோ?

நாம் பணிபுரியும் ரயில்வே அலுவலகத்தில் இப்பொழுது தாளைவிட வாட்ஸ்அப்பே முந்திச் செல்கிறது. பணிமுறைப் பட்டியல், விடுப்பு மனு, மேலதிகாரியின் ஆணை யாவும் கைப்பேசிக் குழுவிலேயே வருகின்றன. அதே கைப்பேசியில்தான் நம் சங்கத்துக் குழுவும் உறவினர் குழுவும் உள்ளன. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஒரே சாவியை வைத்திருக்கிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒருநாள் பிற்பகல், உடன் பணிபுரியும் தமிழ் நண்பரின் பெயரில் ஒரு சேதி வந்தது. "அண்ணா, தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும். சற்று அனுப்புங்கள்" என்று தமிழில் எழுதியிருந்தது. நாள் முழுவதும் பிறமொழியில் கோப்பு எழுதும் நமக்குத் தமிழைக் கண்டால் ஐயம் தோன்றுமோ? அனுப்பிவிட்டோம். அந்நண்பரின் கணக்கு முன்னரே களவு போயிருந்தது. நாம் அனுப்பிய எண்ணோ, நம் கணக்கை வேறொரு கைப்பேசியில் திறக்கும் சாவி!

பழைய சேதிகள் திருடனுக்குக் கிட்டவில்லை. ஆயினும் நாம் இருந்த குழுக்களும், உறுப்பினர் எண்களும், அதன்பின் வந்த பணிப்பட்டியலும் அவன் கண்ணில் பட்டன. நம் பெயரால் பலரிடம் அவசரக் கடன் கேட்டான். புதிதாக வேலைக்கு வந்த பாயிண்ட்ஸ்மேன் தம்பி ஒருவர், "அண்ணன் கேட்கிறாரே" என்று ஆறாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார். அது ஊரிலுள்ள தாயாருக்கென வைத்திருந்த பணம். நாம் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்தார். நம் இல்லத்தார் வற்புறுத்தவே பெற்றுக்கொண்டார். பணம் திரும்பியது. ஆனால் அத்தம்பி நம் பெயரில் வரும் சேதியை இனி எப்படிப் படிப்பாரோ, அறியோம்.

பெரிய நிலையங்களிலும் இத்தகைய அசட்டை உண்டு. 2015ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் டிவி5 மோந்து தொலைக்காட்சி இணையத் தாக்குதலுக்கு ஆளானது. அதுகுறித்துப் பேட்டியளித்த ஊழியரின் பின்புறத்தில், கடவுச்சொற்கள் எழுதிய துண்டுத்தாள்கள் படத்தில் தெரிந்தன! நம் அலுவலகப் பிரிவுபசாரப் படங்களிலும் கணினியில் ஒட்டிய தாள் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே பிறர்க்கு அனுப்புதல் நலம். அலுவலகத் தகவலை உரிமையற்றோர்க்கு அளிப்பதை 1966ஆம் ஆண்டின் ரயில்வே பணியாளர் நடத்தை விதிகளும் தடுக்கின்றன.

ஆகவே அன்பர்கள் இவற்றைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். ஆறு இலக்க எண்ணை எவர் கேட்பினும் தரலாகாது. வாட்ஸ்அப் அமைப்புகளில் 'கணக்கு' என்னும் பகுதிக்குச் சென்று, இரண்டாம் பூட்டாக ஒரு ரகசிய எண்ணை இட்டுக்கொள்க. இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை அடிக்கடி பார்த்து, அறியாததை நீக்குக. பணிமாற்றம் பெற்றவரையும் ஓய்வு பெற்றவரையும் அலுவலகக் குழுவிலிருந்து மரியாதையுடன் விடுவிக்க வேண்டும். கணக்கு பறிபோனால், நம் எண்ணிலேயே மறுபடி பதிவு செய்க. திருடன் வெளியேற்றப்படுவான். பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள். விரைந்து அழைத்தால் பணம் கைமாறுமுன் நிறுத்தி வைக்க வழியுண்டு. அனைத்துக்கும் மேலாக, நடந்ததை நாணத்தால் மறைக்காமல் குழுவினர்க்கு உடனே சொல்லுங்கள். நாம் ஒருமணி நேரம் தயங்கினோம். அத்தம்பி பணம் அனுப்பியது அந்த ஒருமணி நேரத்தில்தான்.

தமிழில் வந்த சேதியை நம்பாதீர் என்று எழுத மனம் வரவில்லை. அயலூரில் நமக்குள்ள உறவே அம்மொழிதான். கேட்பவரின் எண்ணுக்கு நீங்களே சாதாரணத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, நீதான் கேட்டாயா?" என்று தமிழிலேயே விசாரியுங்கள். உண்மையான தம்பி கோபிக்க மாட்டான்.