ஒரு கையின் விலை

ஜான் ஸ்டீன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937) நாவலைப் படித்தவர்கள் ஜார்ஜையும் லென்னியையும் மறப்பதில்லை. கிழவர் கேண்டிதான் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. கலிபோர்னியப் பண்ணையொன்றில் கூலியாட்கள் தங்கும் கொட்டகையைப் பெருக்குபவர். அவருடைய ஒரு கை அந்தப் பண்ணையில்தான் போயிற்று. ஈடாகக் கிடைத்தது 250 டாலர்.

குட்டியிலிருந்து அவர் வளர்த்த நாய் கிழடாகிவிட்டது. நாற்றம் தாங்கவில்லை என்று சக தொழிலாளி கார்ல்சன் அதைச் சுட்டுவிடுகிறான். கேண்டி பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பெருக்க முடியாத நாளில் தன்னையும் வெளியே தள்ளுவார்கள். சுட்டுக்கொல்லும் கருணைகூடத் தனக்குக் கிடைக்காது என்பதே அவர் பயம்.

அது வீண் பயமல்ல. முதியோருக்கு ஓய்வூதியம் தந்த அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களை விலக்கியே வைத்தது. 1950இல் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு இடம் கிடைத்தது.

ஜார்ஜும் லென்னியும் கனவு காணும் நிலத்தின் விலை 600 டாலர். கேண்டி தன் சேமிப்பு முழுவதையும் நீட்டுகிறார். வெறும் பேச்சாக இருந்த கனவு, போன கையின் விலையால்தான் எட்டும் தூரத்துக்கு வருகிறது.

லென்னியால் ஒரு பெண் இறந்து எல்லாம் கலைந்த பிறகும், நாம் இருவராவது அந்த நிலத்தை வாங்கலாமல்லவா என்று ஜார்ஜைக் கேட்கிறார். பதில் வருமுன்பே அவர் தலை கவிழ்ந்துவிடுகிறது.