தாகத்துக்கும் தராசுக்கும் நடுவே

தண்ணீரை நிறையக் குடித்தால் சிறுநீரகம் கழுவி விட்டாற்போல் சுத்தமாகிவிடும் என்பது இந்தியக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இலவசமாகக் கிடைக்கும் மருத்துவ ஆலோசனை. சிறுநீரகக் கல் உள்ளவருக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழந்து, காலும் முகமும் வீங்கியிருப்பவர் இதை நம்பிச் செம்பு செம்பாகக் குடித்தால், போய்ச் சேரும் இடம் அவசர சிகிச்சைப் பிரிவாக இருக்கலாம்.

ஆரோக்கியமான சிறுநீரகங்கள் நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீராக வெளியேறுகிறது. மீதி ரத்தத்துக்கே திரும்புகிறது. நீரிழிவோ ரத்தக் கொதிப்போ பல ஆண்டுகள் அரித்த பிறகு, இந்த வடிகட்டிகளால் உப்பைச் சரியாக வெளியேற்ற முடிவதில்லை. உப்பு தங்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும். சுமார் 9 கிராம் உப்பு, ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதன் அடையாளங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மாலையில் செருப்பு இறுகும். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழும். காலையில் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும். சிக்கல் என்னவென்றால், வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் பெரும்பாலும் இரண்டு, மூன்று லிட்டர் நீர் உடலில் சேர்ந்துவிடுகிறது. அதற்கும் மேல் சேர்ந்தால் நுரையீரலுக்குள் இறங்கும். படுத்தால் மூச்சுத் திணறுகிறது, நள்ளிரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஆகவே கண்ணைவிட நம்பகமானது எடை பார்க்கும் கருவி. தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து, காலண்டரில் குறித்து வைத்தால் போதும். ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்பு ஏறாது. ஏறியது ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தி அது.

கட்டுப்பாட்டின் முதல் படி தண்ணீர் அல்ல, உப்பு. உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது வீண் வேலை. உப்பே தாகத்தைக் கிளப்பும். தாகத்தை மன உறுதியால் வென்றவர்கள் குறைவு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்பது ஆரோக்கியமானவர்களுக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. சமையலில் பாதியாகக் குறைத்துவிட்டு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பிஸ்கட் வழியாக அதைத் திரும்ப உள்ளே விடுவதுதான் வழக்கமான தவறு. இதைவிட ஆபத்தானது, கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை வாங்குவது. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். பழுதான சிறுநீரகத்தால் அதையும் வெளியேற்ற முடியாமல் போகலாம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரிலும் இதே வில்லங்கம் உண்டு.

எவ்வளவு குடிக்கலாம்? நோயின் ஆரம்ப நிலையில், வீக்கம் இல்லாதவர்களுக்குப் பொதுவாகத் தண்ணீர்க் கட்டுப்பாடு தேவையில்லை. சிறுநீர் குறைந்து, வீக்கம் வந்தவர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் பழைய கணக்கு: முந்தைய நாள் கழித்த சிறுநீரின் அளவு, அதோடு அரை லிட்டர். காபி, மோர், ரசம், கஞ்சி, ஐஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அன்றைய அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்து, ரசம் குடித்தால் அதற்கு ஈடாகப் பாட்டிலிலிருந்து குறைத்துவிடுவது நல்ல உபாயம். சின்னத் தம்ளர், அடிக்கடி வாய் கொப்பளிப்பது, மாத்திரைகளைச் சாப்பாட்டோடு விழுங்குவது ஆகியவையும் உதவும். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை ஏறினாலே தாகம் எடுக்கும். அதை அடக்காமல் தாகம் அடங்காது.

நீர் பிரியும் மாத்திரைகள் கைகொடுக்கும், ஆனால் உப்பு மிகுந்த சாப்பாட்டோடு அவை போட்டியிட்டு ஜெயிப்பதில்லை. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பலவும் உப்பையும் நீரையும் தேக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்னொரு பக்கம், எல்லா வீக்கமும் சிறுநீரகத்தால் வருவதல்ல. இதயம், கல்லீரல், ரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரைகூடக் காலை வீங்க வைக்கும். காரணம் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்குவது விபரீதம்.

எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்த நாளிலும் நீர்க் கட்டுப்பாட்டையும் நீர் பிரியும் மாத்திரையையும் அப்படியே தொடர்ந்தால் உடல் வற்றி, மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாடும் கெடலாம். அந்த மாதிரி நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

நெருக்கடி நிலையின்போது 1975-ல் கைதாகி, சிறுநீரகம் பழுதான நிலையில் விடுதலையான ஜெயப்பிரகாஷ் நாராயண், 1979 அக்டோபரில் இறக்கும்வரை டயாலிசிஸை நம்பியே வாழ்ந்தார். ஜனதா கட்சி உருவானதும் ஆட்சியைப் பிடித்ததும் அந்த இடைவெளியில்தான். அன்று பெருநகரங்களில் மட்டுமே கிடைத்த இயந்திரம், 2016-ல் அறிவிக்கப்பட்ட தேசியத் திட்டத்துக்குப் பிறகு ஏழைகளுக்கு இலவசமாக மாவட்ட மருத்துவமனைகளுக்கும் வந்திருக்கிறது. ஆனால் இயந்திரம் சிறுநீரகமல்ல. சிறுநீரகம் இரவு பகலாகச் செய்ததை அது வாரத்தில் இரண்டு, மூன்று முறை, நான்கு மணி நேரத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். இடைவெளியில் நான்கு லிட்டரைச் சேர்த்துக்கொண்டு வருபவரிடமிருந்து அதை அவசரமாக உறிஞ்சும்போது ரத்த அழுத்தம் சரிகிறது, கால் தசைகள் இழுக்கின்றன, இதயம் அடி வாங்குகிறது.

இந்த நோயில் பாதி சிகிச்சை சமையலறையில் நடக்கிறது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் உப்பில்லாமல் சமைத்துத் தனித் தட்டில் வைத்தால் அவர் நாலு நாளில் ஊறுகாய் ஜாடியைத் தேடுவார். எல்லோருக்குமே உப்பைக் குறைத்துவிட்டால் அவருக்கும் துணை கிடைக்கும். மற்றவர்களின் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது.