நர்சிங் படிப்புக்குக் குலுக்கல் எதற்கு?

கலிஃபோர்னியாவில் குறைந்த செலவில் நர்ஸ் ஆக வேண்டுமென்றால் கம்யூனிட்டி காலேஜ்தான் வழி. நன்றாகப் படித்தால் அங்கே சீட் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி, தேர்வு செய்யும் முறை. சில கல்லூரிகளில் தகுதி பெற்ற எல்லோருடைய பெயரையும் கணினியில் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். சிலவற்றில் காத்திருப்போர் பட்டியல். மற்றவற்றில் மதிப்பெண், வேலை அனுபவம், குடும்பச் சூழல் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுத் தரவரிசை. எல்லாமே சட்டப்படி சரிதான். ஆனால் இருக்கிற சொற்ப இடத்தை எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் இத்தனை மூளையும் செலவாகிறது. இடத்தைக் கூட்டுவது எப்படி என்ற பேச்சையே காணோம்.

சான் ஹோசே பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றையும் லேப் சகிதம் முடித்தவர். நுழைவுக்கு முன் எழுதும் டீஸ் தேர்வில் தேவைப்படுவது 62 சதவீதம். அவர் எடுத்தது அதைவிட மிக அதிகம். கல்லூரியிலிருந்து வந்த மின்னஞ்சலில் 'நீங்கள் தகுதி பெற்றிருக்கிறீர்கள், இந்தச் சுற்றில் தேர்வாகவில்லை, அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கவும்' என்று இருந்தது. சரி, காத்திருக்கலாம் என்றால் அதற்கும் கெடு இருக்கிறது. பல கல்லூரிகளில் அறிவியல் பாடங்களைக் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும். பால் பாக்கெட்டுக்குப் போலப் பாடத்துக்கும் காலாவதித் தேதி! அது தாண்டினால் மைக்ரோபயாலஜியை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். அந்த வகுப்பிலும் இடம் கிடைத்தால்தான்.

கம்யூனிட்டி காலேஜின் இந்த இரண்டாண்டு நர்சிங் படிப்பு எதற்காகத் தொடங்கப்பட்டது என்று பார்த்தால் வருத்தம் இன்னும் கூடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் நர்ஸ்களுக்குக் கடும் தட்டுப்பாடு. அதுவரை பெரும்பாலானோர் மருத்துவமனைகளே நடத்திய பள்ளிகளில் மூன்றாண்டு டிப்ளமோ படித்தார்கள். படிப்பு என்ற பெயரில் வார்டு வேலைதான் அதிகம். 1951இல் மில்ட்ரெட் மான்டாக் என்ற நர்சிங் ஆசிரியை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் தன் ஆய்வின் வழியே ஒரு மாற்றுத் திட்டத்தை முன்வைத்தார்: உள்ளூர் ஜூனியர் கல்லூரியில் இரண்டே ஆண்டில் கற்றுக்கொடுக்கலாம். 1952இல் சில கல்லூரிகளில் சோதித்துப் பார்த்தார்கள், வெற்றி பெற்றது. மணமானவர்கள், வயதில் மூத்தவர்கள், கையில் பணமில்லாதவர்கள் என்று அதுவரை வெளியே நின்றவர்களுக்கு இந்தத் தொழில் அப்படித்தான் திறந்தது. ஆக, தட்டுப்பாட்டைத் தீர்க்க வந்த படிப்பு இது. இன்று அதற்கே தட்டுப்பாடு.

நான்காண்டு பி.எஸ்.என். பட்டம் படித்தவரும் கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு ஏ.டி.என். படித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் உரிமத் தேர்வு. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. தேறினால் இருவருக்கும் கிடைப்பது பதிவு பெற்ற நர்ஸ் என்ற ஒரே ஆர்.என். உரிமம். இந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். எழுபது யூனிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,220 டாலர். புத்தகம், சீருடை, தடுப்பூசி, பின்னணிச் சோதனை எல்லாம் தனிச் செலவு என்றாலும் குடும்பம் தாங்கக்கூடியதே. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி கலிஃபோர்னியாவில் ஆர்.என். ஒருவரின் சராசரி ஆண்டுச் சம்பளம் 137,690 டாலர். அரசு செலவிடும் பணம் இவ்வளவு விரைவாக ஒரு குடும்பத்தை மேலே தூக்கிவிடும் படிப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் சீட்டைக் கூட்ட வேண்டியதுதானே? இங்கேதான் முடிச்சு. அதைப் புரிந்துகொள்ள ஒரு வார்டில் காலை ஒன்பது மணிக்கு நடப்பதைப் பார்த்தால் போதும்.

நர்சிங் மாணவர்கள் ஏழு மணிக்கு முன்பே வார்டுக்கு வந்துவிடுவார்கள். எட்டு, பத்து பேருக்கு ஓர் ஆசிரியை. ஆளுக்கொரு நோயாளி. ஒன்பது மணி மாத்திரை நேரம். மாணவர் தன் விருப்பத்துக்கு மாத்திரை கொடுத்துவிட முடியாது. மருந்து அலமாரி இயந்திரத்தின் முன்னால் நின்று, இந்த நோயாளிக்கு இந்த மருந்து எதற்கு, எத்தனை மில்லிகிராம், ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தால் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் ஆசிரியையிடம் சொல்ல வேண்டும். அவர் தலையசைத்த பிறகு இருவரும் சேர்ந்து படுக்கைக்குப் போய், நோயாளியின் கையிலுள்ள பட்டையை ஸ்கேன் செய்து, கொடுக்க வேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆனால் பத்துப் பேருக்கு? ஆசிரியை ஓடிக்கொண்டே இருக்கிறார். மாணவர்கள் நடைகூடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். நாற்பது நாற்காலி கூடுதலாகப் போட்டுச் சமாளிக்க இது பொருளாதார வகுப்பு இல்லை. பத்து மாணவர்களைக் கூட்டினால் ஓர் ஆசிரியையையும் கூட்ட வேண்டும்.

அந்த ஆசிரியைதான் கிடைப்பதில்லை. மாநில நர்சிங் வாரிய விதிப்படி பயிற்றுநருக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். முதுநிலைப் பட்டமும் அனுபவமும் உள்ளவர் வார்டிலேயே இருந்தால் கிடைக்கும் சம்பளம் கல்லூரி தருவதைவிட அதிகம். நேற்று அவரிடம் பயின்றவர் நாளை அவரைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பார். இது தெரிந்தும் எத்தனை பேர் கற்பிக்க வருவார்கள்? கல்லூரிச் சம்பள அட்டவணை எல்லாத் துறைக்கும் ஒன்றே என்று நிர்வாகம் கைவிரிக்கும். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தனி நிதி ஒதுக்கி நர்சிங் ஆசிரியர்களுக்கு ஈட்டுத்தொகை தர எந்தத் தடையும் இல்லை. மனம்தான் வேண்டும்.

அடுத்த முடிச்சு மருத்துவமனை. உரிமம் பெற நேரடியாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பயிற்சி குறைந்தது 500 மணி நேரம் வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். மருத்துவ-அறுவைப் பிரிவு, மகப்பேறு, குழந்தைகள், மனநலம், முதியோர் ஆகிய ஐந்திலும் தலா 30 மணி நேரமாவது இருக்க வேண்டும். இதில் பிரசவ வார்டும் குழந்தைகள் வார்டும்தான் பெரும்பாடு. ஒரு ஊரில் இருக்கிற ஒரே பிரசவ வார்டுக்குக் கம்யூனிட்டி காலேஜ், மாநிலப் பல்கலைக்கழகம், தனியார் கல்லூரிகள் எல்லாம் மோதும். பல ஆண்டுகளாக வந்துபோகும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு, அடுத்த செமஸ்டரில் உங்களுக்கு இடமில்லை என்று திடீரெனச் சொல்லிவிடுவதும் நடக்கிறது. 2020 ஜூலையில் மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை நர்சிங் வாரியத்தைக் கண்டித்தது இந்த விஷயத்தில்தான். எந்த வட்டாரத்தில் எத்தனை பயிற்சி இடங்கள் இருக்கின்றன என்ற விவரத்தைச் சரியாகத் திரட்டிப் பயன்படுத்தாமலேயே சேர்க்கை முடிவுகளை எடுத்துவந்தது வாரியம்.

2024இல் ஏ.பி. 1577 என்ற சட்டம் வந்தது. கம்யூனிட்டி காலேஜோ மாநிலப் பல்கலைக்கழகமோ பயிற்சி இடம் கேட்டால் மருத்துவமனை அவர்களுடன் உட்கார்ந்து பேச வேண்டும். முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் பேச வைக்கிறதே தவிர, இடம் கொடுக்க வைக்கவில்லை. எழுத்தில் தரும் காரணங்களை யாராவது படித்து, இந்த வட்டாரத்தில் இன்னின்ன மருத்துவமனைகள் கதவைச் சாத்துகின்றன என்று ஆண்டுதோறும் வெளியிட்டால் ஒருவேளை இந்தச் சட்டத்துக்குப் பல் முளைக்கலாம்.

இத்தனையும் தாண்டி இடம் பெற்றுப் படித்து முடித்தவருக்கு வேலை வாசலில் இன்னொரு அடி விழும். பே ஏரியாவின் பெரிய மருத்துவமனைகளின் விளம்பரங்களைப் பாருங்கள்: 'பி.எஸ்.என். அவசியம்' அல்லது 'பி.எஸ்.என். விரும்பத்தக்கது'. இதை வெறும் அந்தஸ்துப் பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. பட்டம் பெற்ற நர்ஸ்கள் அதிகமுள்ள மருத்துவமனைகளில் அறுவை நோயாளிகளின் இறப்பு விகிதம் குறைவு என்று நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் 2003இல் ஜாமா மருத்துவ இதழில் எழுதினார்கள். 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2010இல் இலக்கு வைத்தது. சரி, பட்டம் வேண்டும். அதை அதே கம்யூனிட்டி காலேஜிலேயே கொடுத்தால் என்ன? ஃபுளோரிடாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் கொடுக்கிறார்கள். கலிஃபோர்னியாவிலும் பத்துக் கல்லூரி மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்க எஸ்.பி. 895 என்ற மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2024 செப்டம்பரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்துவிட்டார். கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் கூட்டாக நடத்தும் திட்டங்களை இது பாதிக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். கூட்டுத் திட்டங்கள் நல்லவைதான். அவற்றில் இடம் கிடைக்காதவர் எங்கே போவார் என்பதற்கு அந்த மறுப்பில் பதில் இல்லை.

எங்கே போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். லாப நோக்கில் நடக்கும் தனியார் கல்லூரிக்குப் பல பத்தாயிரம் டாலர் கடன் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதைவிட மோசமான வழியில் போனவர்களும் உண்டு. 2023 ஜனவரியில் மத்திய அரசு 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்ற பெயரில் வழக்குத் தொடுத்தது நினைவிருக்கலாம். தெற்கு ஃபுளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. வாங்கியவர்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. உரிய வார்டு பயிற்சி பெறாமல் உரிமத் தேர்வு எழுத வந்தவர்கள் அவர்கள். ஆனால் நேர்வழியில் பல ஆண்டு வரிசை நிற்கும்போது குறுக்குவழிக்குச் சந்தை உருவாவதில் வியப்பென்ன?

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே புரியும் ஒரு வேதனையும் இதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜி.என்.எம். டிப்ளமோ முடித்து, பெரிய மருத்துவமனைகளில் வேலை பார்த்துவிட்டு, கணவரின் வேலைக்காக இங்கே வந்த செவிலியர்கள் இருக்கிறார்கள். தேர்வு எழுத அனுமதி கேட்டால் வாரியம் அவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பிரித்துப் பார்க்கும். பாடமும் அதற்கான வார்டு பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. மனநலப் பாடத்தை ஓராண்டிலும் பயிற்சியை அடுத்த ஆண்டிலும் முடித்திருந்தால் அது குறை. அந்த ஒரு பாடத்தை இங்கே ஒரு கல்லூரியில் படித்துவிட்டு வா என்பார்கள். எந்தக் கல்லூரியில்? சொந்த மாணவர்களுக்கே இடமில்லாத கல்லூரி, வெளியிலிருந்து வருபவருக்கு யாராவது பாதியில் விலகினால்தான் இடம் தரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் கண்விழித்தவர், இங்கே வந்து முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறார். ஒரே ஒரு பாடத்துக்காக!

இத்தனைக்கும் ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று நாட்டிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் இது. 1999இல் சட்டம், 2004இல் அமல். மருத்துவ-அறுவை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ். பெருமைப்பட வேண்டிய சட்டம்தான். அப்படிச் சட்டம் போட்டவர்களுக்கு அந்த நர்ஸ் எங்கிருந்து வருவார் என்று யோசிக்கும் கடமையும் உண்டு. பத்துக் கல்லூரி சோதனை மசோதாவை மறுபடி கொண்டுவர வேண்டும். நர்சிங் ஆசிரியர்களின் சம்பளத்துக்கென்று தனியாக, ஆண்டுக்கு ஆண்டு நிற்காத நிதி வேண்டும். வரிவிலக்குப் பெறும் லாப நோக்கமற்ற மருத்துவமனைகள், சமூகத்துக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று மாநில அரசுக்கு அறிக்கை தருகின்றன. அரசுக் கல்லூரி மாணவர் எத்தனை பேருக்குப் பயிற்சி இடம் தந்தோம் என்ற எண்ணையும் அதில் கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டில் பயின்றவர்களுக்கு விடுபட்ட ஒற்றைப் பாடத்தை மட்டும் நடத்த, வட்டாரத்துக்கு ஒரு கல்லூரியில் கோடைகால வகுப்பு வைக்கலாம். இதற்கெல்லாம் புதுக் கட்டடம் கூடத் தேவையில்லை.

நம்மில் பலர் அதிபர் தேர்தலைப் பற்றி விடிய விடியப் பேசுவோம். நம் கம்யூனிட்டி காலேஜ் மாவட்டத்தின் அறங்காவலர் யார் என்று கேட்டால் தெரியாது. அவர்கள் தேர்தலில் நின்று வருபவர்கள். அவர்களின் கூட்டம் எல்லோருக்கும் திறந்தது. நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட்டாக வேண்டும். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியாக வேண்டும். 1953இல் வந்த பிரவுன் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை இது. வாக்குரிமை இல்லாவிட்டாலும், எந்த விசாவில் இருந்தாலும் பேசலாம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். சென்ற ஆண்டு நர்சிங்குக்குத் தகுதியோடு விண்ணப்பித்தவர் எத்தனை பேர், சேர்ந்தவர் எத்தனை பேர், காலியாக இருக்கும் ஆசிரியர் பணியிடம் எத்தனை, பயிற்சி இடம் மறுத்த மருத்துவமனை எது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.