பிரசவச் சம்பளம் யார் கணக்கில்?

ஹல்துமுல்லையில் சில்லறைக் கடை வைத்திருப்பவனுக்குத் தோட்டத்துச் சனங்களின் வருமானம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அறிய மத்திய வங்கியின் அறிக்கை தேவையில்லை. கடன் கொப்பி போதும். பத்தாம் திகதி சம்பளம் போட்டால் பதினோராம் திகதி கொப்பியில் கோடு விழும். தீபாவளி முற்பணம் வந்தால் விழும். எந்தக் கணக்கில் மாதக் கணக்காகக் கோடே விழவில்லை என்று புரட்டிப் பார்த்தால், அநேகமாக மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: வீட்டில் நோய், வீட்டில் குடி, அல்லது வீட்டில் புதுக் குழந்தை.

முதல் இரண்டையும் பற்றி எமது கடை வீதியில் நிறையப் பேசுகிறோம். மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழந்தை பிறப்பது சந்தோஷமான விடயம்தானே, அதில் என்ன கணக்கு என்று நினைக்கிறோம். பல வருடங்களாகக் கடன் கொப்பி எழுதி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில்தான் பெரிய கணக்கு இருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தோட்டத்துப் பெண்களுக்குப் பொருந்துவது 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமாக இருந்தாலும் அன்றைய நிலையில் அது நல்ல சட்டமே. இடையில் பல திருத்தங்கள் வந்தன. கடைசியாக 2018 இல் வந்த திருத்தம் முக்கியமானது. அதற்கு முன்னர் மூன்றாவது குழந்தை முதல் 42 நாள் மட்டுமே லீவு. இப்போது எத்தனையாவது குழந்தையானாலும் 84 நாள். ஆனால் நாட்சம்பளக்காரிக்குக் கிடைப்பது முழுச் சம்பளமல்ல, அதில் ஏழில் ஆறு பங்கு. அதுவும் முந்திய ஒரு வருடத்தில் அந்தத் துரைத்தனத்திடம் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதில் ஏழில் ஆறு என்றால் 1,157 ரூபா சொச்சம். 84 நாளுக்குப் பெருக்கினால் 97,200 ரூபா. 'ஒரு லட்சத்துக்குக் கிட்ட வருகிறதே, இதில் என்ன குறை' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கொழுந்து எடுக்கும் பெண்ணின் வருமானம் அந்த 1,350 மட்டுமல்ல என்பது எம்மைப் போல் அவளுக்கு அரிசி விற்பவனுக்குத் தெரியும். கொழுந்து நிறைய வரும் மாதங்களில் மேலதிகக் கிலோவுக்கு வரும் காசு, ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு, லீவு நாளில் மரக்கறித் தோட்டத்தில் புல்லு வெட்டிச் சம்பாதிப்பது ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. பிரசவ லீவில் இவை அத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடும். 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,750 ஆக்க முன்மொழிந்தபோதும், அதில் 200 ரூபா வேலைக்கு வந்த நாளுக்கான ஊக்குவிப்பாகவே சொல்லப்பட்டது. தொட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவள் வேலைக்கு வந்தவளாகக் கணிக்கப்படுவாளா?

உண்மையில் நெருக்கடி பிரசவத்தன்று தொடங்குவதில்லை. ஏழாம் எட்டாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு செங்குத்து மலையில் ஏறுபவளால் குறித்த கிலோவை எடுக்க முடிவதில்லை. பேர் அரைப் பேராகிறது. சில நாள் பிரட்டுக்கே போக முடியாது. அதாவது லீவுச் சம்பளம் தொடங்கும் முன்னரே அவள் கடையில் கடனுக்கு நிற்கிறாள். பிறகு வரும் பணம் பழைய கடனை அடைப்பதற்கே போகிறது, குழந்தைக்கு மீண்டும் புதுக் கடன்.

அந்த 150 நாள் நிபந்தனைக்கும் வருவோம். மழையில்லாமல் கொழுந்து குறைந்த வருடத்தில் தோட்டம் வாரத்துக்கு மூன்று நான்கு நாள்தான் வேலை கொடுக்கிறது. அதோடு பல கம்பனிகள் இப்போது தேயிலை மலையைப் பங்கு பிரித்துக் குடும்பங்களிடம் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு தரும் முறைக்கு மாறி வருகின்றன. வருமானப் பங்கீடு என்று அழகான பெயர். செக்ரோலில் பேர் இல்லாதவளுக்குப் பிரசவச் சம்பளத்தை எவரிடம் போய்க் கேட்பது? மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் பெண்களின் நிலையும் இதுவே. சட்டப் புத்தகத்தில் இருக்கும் 84 நாள் இவர்களுக்கு ஒரு நாள்கூட இல்லை.

செலவுப் பக்கத்தை நான் விரித்து எழுதத் தேவையில்லை, விற்பவர்கள் நாம்தானே. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம் என்பது உண்மை. ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தியத்தலாவைக்கோ பதுளைக்கோ போகும் த்ரீவீல் இலவசமல்ல. துணைக்கு நிற்கும் தாயோ மாமியோ தன் நாட்சம்பளத்தையும் இழக்கிறாள். 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாவுக்கு நாம் விற்ற 400 கிராம் பால்மா பெட்டி 2022 மார்ச்சில் 790 ரூபா ஆனது. அதன் பின்னர் ஆயிரத்தையும் தாண்டியது. கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதத்துக்கு 20,000 ரூபா போஷாக்கு வவுச்சர் என்று அரசாங்கம் 2015 இல் ஆரம்பித்தது நல்ல திட்டம். விலைவாசி அதன் பாதியைத் தின்றுவிட்டது. இடைவெளியை நிரப்புவது காதுத் தோடும் கிழமைக் கடன் கம்பனியும்தான். கிழமைக் கடன்காரர் லயத்து வாசலில் வந்து நிற்கும்போது கடைக்காரனின் கணக்கு இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுகிறது என்பதையும் எமது வர்த்தகர்கள் கவனிக்க வேண்டும். இது தர்மம் பற்றிய பேச்சு மட்டுமல்ல, எமது வசூல் பற்றிய பேச்சும்தான்.

இனி எமது பக்கம்.

தோட்டக் கம்பனியைக் குறை சொல்வது எமக்கு எளிது. எமது கடைகளிலும் பேக்கரிகளிலும் துணிக் கடைகளிலும் வேலை செய்யும் பெண் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது? இவர்களுக்குப் பொருந்துவது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அதன்படியும் 84 நாள் லீவு. வாராந்த விடுமுறை, போயா போன்றவற்றைக் கழித்தே அந்த 84 ஐ எண்ண வேண்டும், ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் போகும். சம்பளம் முழுமையாக. 150 நாள் நிபந்தனையும் இதில் இல்லை. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்தவும் முடியாது.

நடைமுறையில் நாம் செய்வது வேறு. கல்யாணம் பேசியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வேலை கொடுக்கிறோம். ஆறாம் மாதத்தில் 'புள்ள, நீங்க வீட்ட இருந்து ஓய்வெடுங்க, பொறகு பாப்பம்' என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பிள்ளையும் 'சரி முதலாளி' என்று சொல்லிவிட்டுப் போகிறது, கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம். பெயர் ஈ.பி.எப். பட்டியலில் இல்லாததால் தொழில் திணைக்களத்துக்குப் போனாலும் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. இப்படிச் செய்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்ல. பலர் குழந்தையைப் பார்க்கப் போகும்போது கையில் ஐயாயிரம் வைத்துவிட்டு வருபவர்கள்தான். ஆனால் அது அன்பளிப்பு. சட்டப்படி சேர வேண்டியதை அன்பளிப்பால் ஈடுசெய்ய முடியாது.

அதே நேரம் சிறு வியாபாரியின் முறைப்பாட்டையும் நான் மறுக்க மாட்டேன். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 ரூபா. ஒரே ஒரு பெண் பிள்ளை வேலை செய்யும் கடையில், அவள் லீவில் இருக்கும் காலத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளமும், அவளுக்குப் பதிலாக வருபவருக்கு அதே அளவும் கொடுப்பது எப்படி? பெரிய கம்பனிக்கு இது கணக்கில் ஒரு வரி, பெட்டிக்கடைக்கு ஒரு பருவ இலாபம். இந்தப் பயத்தால் பெண்களை வேலைக்கு எடுக்காமலே விடுகிறார்கள். பாதிக்கப்படுவது மீண்டும் அதே பெண்தான்.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது: எமது நாட்டில் பிரசவச் சம்பளம் முழுவதையும் தனி முதலாளியின் தலையில் போட்டிருக்கிறார்கள். இது சர்வதேச நியதிக்கே மாறானது. சர்வதேசத் தொழில் அமைப்பின் 103 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993 இல் ஏற்றுக் கையொப்பமிட்டது. பிரசவச் சம்பளத்தின் செலவுக்கு எந்தவொரு முதலாளியும் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கப்படக் கூடாது, காப்புறுதி மூலமோ அரச நிதி மூலமோ அது வழங்கப்பட வேண்டும் என்பது அந்தச் சமவாயத்தில் உள்ள விதி. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அயல் நாட்டைப் பாருங்கள். இந்தியாவில் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 வீதமும் தொழிலாளி 0.75 வீதமும் கட்டுகிறார்கள். அதில் பதிந்த பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கும் 26 வாரச் சம்பளம் நிதியத்திலிருந்தே போகிறது. பிரித்தானியாவில் சட்டப்படியான தொகை குறைவு என்று அங்குள்ள தாய்மாரும் முறையிடுகிறார்கள். முதல் ஆறு வாரம் 90 வீதம், அதன் பின்னர் 33 வாரம் வரை, 2025-26 ஆம் நிதியாண்டுக் கணக்குப்படி, வாரம் 187.18 பவுணுக்கு மேற்படாத தொகை. குறைந்தபட்சச் சம்பளத்தில் முழுநேரம் உழைப்பவளின் வார வருமானத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அங்குள்ள சிறு முதலாளிக்கு ஒரு பயம் இல்லை: அவர் கொடுத்த பணத்தை அரசாங்கம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, 2025-26 ஆம் நிதியாண்டில் நூற்றுக்கு 108.5 வீதமாக. மேலதிகமாகவே கிடைக்கிறது! இங்கும் 2019 வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் ஒரு பங்கை ஏற்கும் என்று முன்மொழிந்தார்கள். எமது கடை வீதிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

புதிதாக ஒரு திணைக்களம் திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஈ.டி.எப். என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. முதலாளி 3 வீதம் கட்டுகிறார். அதிலிருந்து பல நலன்கள் உறுப்பினர்களுக்கு ஏற்கனவே வழங்கப்படுகின்றன. அதே வழியில் சிறு வீதமொன்றை எல்லா முதலாளிமாரும் கட்டி, பிரசவச் சம்பளத்தை அங்கிருந்து கொடுப்பதில் என்ன கஷ்டம்? 'நான் ஆண் பிள்ளைகளை மட்டும்தான் வைத்திருக்கிறேன், நான் ஏன் கட்ட வேண்டும்' என்று ஒரு ஹாஜியார் என்னிடம் கேட்டார். அவருடைய கடையில் வேலை செய்யும் பொடியன்களின் மனைவிமார் வேறொரு கடையில் வேலை செய்கிறார்கள் என்பதை நினைவூட்டினேன். சிரித்துக்கொண்டு தேநீர் சொன்னார், பதில் சொல்லவில்லை.

கொழும்பில் முடிவெடுக்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு ஊரின் வர்த்தக சங்கத்தில் உள்ள கடைகளில் 150 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 30,000 சம்பளத்தில் ஒரு வீதம், அதாவது மாதம் 300 ரூபாவை முதலாளி சங்க நிதியில் போட்டால் மாதம் 45,000, வருடத்துக்கு 5,40,000. நான்கு ஐந்து பிரசவங்களுக்குப் போதும். இந்த நிதியில் சேரும் கடை எதுவானாலும் தன் ஊழியர்களின் பெயரை ஈ.பி.எப். பட்டியலில் காட்டியிருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதுமானது. எமது சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கணக்கை முன்வைக்க இருக்கிறேன். பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடைப் பக்கம் இப்படியொரு நிதியை ஏற்கனவே நடத்திப் பார்த்த சங்கங்கள் இருந்தால், பணத்தை யார் பெயரில் வங்கியில் போட்டீர்கள், வேலைக்கு வந்து இரண்டாம் மாதமே லீவு கேட்டவளின் விடயத்தை எப்படித் தீர்த்தீர்கள் என்பதைப் பத்திரிகைக்கு எழுதுங்கள். கூட்டத்தில் முதலில் கேட்கப்படப் போவது அந்த இரண்டு கேள்விகள்தான்.