மனம் வறண்டாலும் அன்பு வற்றாது

1929-ம் ஆண்டு ஜூன் மாதம். இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது. கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்டு பாதிரியார் இறந்துவிட்டார் என்பதே செய்தி.

அவருடைய மகன் பால் பிராண்டு அங்கே தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். வயது 14. பல ஆண்டுகளாக அவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

தந்தி வந்த பிறகும் அப்பாவின் கடிதங்கள் வந்தன! தந்தி கம்பி வழியே பறந்து வந்துவிட்டது. கடிதமோ கப்பலில் மெதுவாக வந்தது. எழுதிய கை மண்ணுக்குள் போய்விட்டது. அந்தக் கை எழுதிய அன்பு வந்து சேர்ந்தது.

அப்போது மகனின் மனதில் எவ்வளவு துக்கம் இருந்தாலும், கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட மாறப் போவதில்லை. அப்பா அன்பு வைத்திருந்தார் என்பது எழுதி முடிந்துவிட்ட செய்தி. மகன் அழுதாலும் அது உண்மை. சிரித்தாலும் அது உண்மை.

கிறிஸ்தவ நம்பிக்கையும் இப்படிப்பட்டதே. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கண்ணீரைத் தேடி...

ஜெபக் கூட்டத்தில் பாட்டு உருக்கமாக இருக்கிறது. கண்ணில் நீர் வருகிறது. உடல் சிலிர்க்கிறது. கடவுள் பக்கத்திலேயே இருக்கிறார் என்று மனம் சொல்கிறது.

மறுநாள் காலை கடன்காரர் வாசலில் நிற்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வாய் அசைகிறது, மனம் அசையவில்லை.

உடனே பயம் வந்துவிடுகிறது. "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ?" என்ற பயம். சிலர் பழைய கண்ணீரைத் தேடிக் கூட்டம் கூட்டமாக அலைகிறார்கள். சிலர் ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அவர்கள் தங்கள் மனதைப் பார்த்துக் கடவுளின் அன்பை அளக்கிறார்கள். சாக்கு மூட்டையைத் தூக்கிப் பார்த்து, வானத்தில் உள்ள மேகத்துக்கு எடை சொல்வது போன்றது இது.

மலை ஏறிய தம்பதிகள்

கொல்லிமலைக்குத் திரும்புவோம். இன்று அது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பஸ் மேலே போகிறது. அந்தக் காலத்தில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் டோலியில் போக வேண்டும். மலேரியாவுக்குப் பயந்து வெளியார் அங்கே தங்கமாட்டார்கள்.

ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் அம்மையாரும் 1913-ம் ஆண்டு திருமணம் செய்துகொண்டு அந்த மலையில் குடியேறினார்கள். அம்மையார் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், ஓவியம் கற்றவர். மலையில் இருவரும் மருந்து கொடுத்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். பள்ளிக்கூடம் நடத்தினார்கள்.

ஆண்டுகள் ஓடின. மலை மக்கள் மருந்து வாங்கிக்கொண்டார்கள். ஆனால், அவர்கள் சொன்ன மதத்தில் ஒருவர்கூடச் சேரவில்லை. ஊர்ப் பூசாரி அவர்களைக் கடுமையாக எதிர்த்தார்.

உலகப் போர் முடிந்த சமயத்தில் விஷக் காய்ச்சல் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற காய்ச்சல் அது. பூசாரியும் அவர் மனைவியும் படுத்துவிட்டார்கள். நோய்க்குப் பயந்து அக்கம்பக்கத்தார் நெருங்கவில்லை. பிராண்டு தம்பதிகள் பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாகக் கொண்டுபோய் நோயாளிகளுக்கு ஊட்டினார்கள். பூசாரிக்கும் பணிவிடை செய்தார்கள்.

சாகும் தறுவாயில் பூசாரி தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். தன்னை எதிர்த்தவரின் குழந்தையை ஈவ்லின் அம்மையார் மடியில் வாங்கி வளர்த்தார்.

பலன் கிடைக்காத அத்தனை ஆண்டுகளும் அவர்கள் மனம் ஒவ்வொரு நாளும் மகிழ்ச்சியால் பொங்கியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கஞ்சி ஒவ்வொரு நாளும் காய்ச்சப்பட்டது.

விதவையான பிறகு...

1929-ல் மலைக் காய்ச்சல் ஜெஸ்ஸி பிராண்டைக் கொண்டுபோயிற்று. அவருக்கு வயது 44. அம்மையாருக்கு வயது 50. பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த நாட்டில் இருந்தார்கள்.

சில காலம் கழித்து அம்மையார் இங்கிலாந்துக்குப் போனார். மகன் பால் தன் தாயைப் பார்த்துத் திகைத்துப்போனான். அழகும் உற்சாகமும் நிறைந்த அம்மா என்று அவன் நினைத்திருந்தான். வந்தவரோ துக்கத்தால் கூனிக் குறுகி, வயதுக்கு மீறி நரைத்திருந்தார்.

அந்த நிலையிலும் அவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். ஏறக்குறைய 70-ம் வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவரோ கொல்லிமலைக்கே திரும்பிப் போனார். இடுப்பு எலும்பு முறிந்தது. அதன்பின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். மட்டக் குதிரையில் ஏறி மலை மலையாகப் போனார். 1974-ம் ஆண்டு, 95-ம் வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

உணர்ச்சியை மட்டும் நம்பியிருந்தால், 1929-லேயே அந்த வாழ்வு முடிந்திருக்கும். கடவுள் தன்னிடம் அன்பாக இருக்கிறார் என்ற எண்ணத்தையே அவர் ஊன்றுகோலாகப் பிடித்திருந்தார். மூங்கில் கழி அதற்குப் பிறகு வந்ததுதான்.

மரத்துப்போன கை

மகன் பால் பிராண்டு பெரிய டாக்டர் ஆனார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார்.

அதுவரை, தொழுநோய் வந்தால் சதை தானாகவே அழுகிவிடும் என்று மக்கள் எண்ணியிருந்தார்கள். டாக்டர் பிராண்டு வேறு உண்மையைக் கண்டார். நோயால் நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுகிறது. சுட்டாலும் வெட்டினாலும் தெரிவதில்லை. அதனால் காயம் படுகிறது. ஆனால் சதை உயிரோடுதான் இருக்கிறது. பாதுகாத்தால் புண் ஆறுகிறது.

உணர்ச்சி இல்லாத கை செத்த கை ஆகாது. இரத்தம் அதிலும் ஓடுகிறது. அது உடலோடுதான் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் கைக்குக் காவல் வேண்டும். நோயாளிகள் தினமும் தங்கள் கையையும் காலையும் கண்ணால் பார்த்துச் சோதிக்கும்படி டாக்டர்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

மரத்துப்போன மனதுக்கும் இதே வைத்தியம்தான். உணர்ச்சி வரவில்லையா? வேதத்தை எடுத்துக் கண்ணால் படிக்க வேண்டும். ஜெபத்தை வாயால் சொல்ல வேண்டும். பசித்தவனுக்குக் கையால் சோறு போட வேண்டும்.

இது வெறும் வேஷம் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். நடு இரவில் பிள்ளை அழுகிறது. தூக்கக் கலக்கத்தோடு தாய் எழுந்து பால் கொடுக்கிறாள். அப்போது அவள் மனதில் பாசம் பொங்கவில்லை, அலுப்புதான் இருக்கிறது. அதை வேஷம் என்று யார் சொல்வார்கள்?

பூனைக் குட்டி

தமிழ்நாட்டு வைணவப் பெரியவர்கள் ஓர் உவமை சொல்வது உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது. பூனைக் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாய்ப் பூனைதான் அதைக் கவ்விக்கொண்டு போகிறது.

மனம் வறண்ட காலத்தில் கிறிஸ்தவர் நினைக்க வேண்டியதும் இதுதான். தம் பிடி தளர்ந்தாலும், தம்மைப் பிடித்திருப்பவரின் பிடி தளர்வதில்லை.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தன. பல ஆண்டுகள் தம் உள்ளம் இருண்டு கிடந்ததாக அவர் எழுதியிருந்தார். உலகம் வியந்தது. அந்த இருட்டிலும் அவர் கல்கத்தாத் தெருக்களில் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். சிலுவையில் ஏசுநாதரே, கடவுள் தம்மைக் கைவிட்டாரோ என்று கதறியதாக வேதம் சொல்கிறது. ஆகவே வறட்சி பாவம் அல்ல; அவமானமும் அல்ல.

உணர்ச்சி கெட்டது என்று சொல்லவேண்டியதில்லை. அது வீட்டுக்கு வரும் விருந்தாளி. வந்தால் மகிழ்ச்சியோடு வரவேற்கலாம். போனால் வீடு இடிந்துவிடாது.

கிறிஸ்தவர்களுக்கு ஏசுநாதரின் சிலுவைதான் கடவுள் எழுதிய கடிதம். அது எப்போதோ எழுதி முடிந்துவிட்டது. இன்று மனம் கலங்கியிருந்தால், அந்தக் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படிக்கட்டும். பிறகு எழுந்து, அடுத்த வீட்டு நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சட்டும்!